பகைக்கு ஏது தூரம்?

பங்காளிச் சண்டை என்றால் பக்கத்து வரப்புக்காரரோடுதான் வரும். ஸ்காட்லாந்துக் கால்பந்தில் எப்போதும் அப்படியில்லை. அபர்டீன் அணிக்கும் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணிக்கும் நடுவே சாலைவழி ஏறக்குறைய 230 கிலோமீட்டர். பகை மட்டும் ஒரே தெருவில் குடியிருக்கிறது.

1988 அக்டோபரில் அபர்டீனின் நீல் சிம்ப்சன் மோதியதில் ரேஞ்சர்ஸின் இயன் டுரன்ட்டின் முழங்கால் சிதைந்தது. அத்தோடு சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

2000ஆம் ஆண்டு இதே இரு அணிகளும் மோதிய ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே அபர்டீனின் 41 வயது கோல்கீப்பர் ஜிம் லெய்டன் தாடை உடைந்து வெளியேறினார். மாற்று கோல்கீப்பர்? பெஞ்சில் அப்படி ஒருவரே இல்லை! கோல் போடச் சம்பளம் வாங்கிய ராபி வின்டர்ஸ், கையுறையை மாட்டிக்கொண்டு கோல் தடுக்க நின்றார்.

ரேஞ்சர்ஸ் 4, அபர்டீன் 0.