ஒரு சின்னத் திருத்தம்

பிராக், வியன்னா, பிராடிஸ்லாவா, புடாபெஸ்ட். நான்கு நாடு, நான்கு தலைநகரம், ஒரே பஸ். யூதப் பாரம்பரியச் சுற்றுலா என்ற பலகையை முகப்பில் மாட்டிக்கொண்டு கோடைதோறும் இப்படிப் பல பஸ்கள் கிளம்பும். பஸ்ஸில் என்னென்ன இருக்கும் என்று விளம்பரத் தாளில் விவரமாகப் போட்டிருப்பார்கள்: குளிர்சாதன வசதி, யூத உணவு விதிப்படி சமைத்த கோஷர் சாப்பாடு, அனுபவமுள்ள வழிகாட்டி. ஒன்றை மட்டும் போடமாட்டார்கள். அவர்தான் திருத்தக்காரர். அவரை யாரும் ஏற்பாடு செய்வதில்லை. தன் பணத்தைக் கட்டி அவரே வந்து சேருவார்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். வழிகாட்டி இருக்கைக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்திருப்பார். அமெரிக்காக்காரர், நியூ ஜெர்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எதிரே இருப்பவர் வாயைப் பிளந்தபடி பதில் சொல்ல வழியில்லாமல் கிடக்க, தான் மட்டும் பேசியே நாற்பது வருஷம் தொழில் நடத்தியவர். சட்டைப் பையில் ஒரு நோட்டு, அதில் ரப்பர் பேண்டு போட்ட பழைய காகிதங்கள், ஒரு பென்சில். பக்கத்தில் மனைவி. அந்த அம்மாள் கையில் துப்பறியும் நாவல் ஒன்று திறந்தே இருக்கும். கணவர் எந்த ஊரில் எதைத் திருத்துவார் என்பது அவருக்கு மனப்பாடம். கொலையாளி யார் என்பதுதான் தெரியாது.

இந்தச் சுற்றுலாக்களில் எல்லார் காதிலும் ஒரு கருவியை மாட்டிவிடுவார்கள். வழிகாட்டி தன் கழுத்துப்பட்டியில் குத்தியிருக்கும் மைக்கில் மெல்லப் பேசினால் போதும், முப்பது காதிலும் கேட்கும். மற்றவர்கள் இதைக் கேட்கும் வசதி என்று நினைப்பார்கள். நம்மவர் அதைப் பேசும் வசதியாகப் பார்ப்பார். வழிகாட்டிக்கு ஒரு முழ தூரத்தில் நின்றால் அதே மைக்கில் தன் குரலும் ஏறும் என்பதை முதல் நாள் காலையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் அந்த ஒரு முழத்தை விட்டு நகரவே மாட்டார்.

"யூத மதகுரு ரபி லோவ், மகரால் என்று அழைக்கப்பட்டவர், களிமண்ணைப் பிசைந்து கோலெம் என்ற பூதத்தைச் செய்து, பிராக் யூதர்களைக் காப்பாற்றினார்..." என்று வழிகாட்டிப் பெண் தொடங்குவார்.

"ஒரு சின்னத் திருத்தம், மேடம்."

முப்பது காதிலும் அது விழும்.

"மகரால் காலமானது 1609-இல். கோலெம் கதை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது வெகுகாலம் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில். அவர் எழுதிய புத்தகங்களில் கோலெம் கிடையாது. பாவம், அத்தனை தத்துவம் எழுதிவைத்தார். கூட்டமெல்லாம் களிமண்ணைத்தான் கேட்கிறது."

சொன்னது தவறா என்றால், இல்லை. திருத்தக்காரரோடு உள்ள தொல்லையே அதுதான். தப்பாகச் சொன்னால் தள்ளிவிடலாம். பாதி நேரம் சரியாகச் சொல்கிறாரே, என்ன செய்வது? எதிரே 'பழைய-புதிய' என்றே பெயர் கொண்ட யூத ஜெப ஆலயம் நிற்கிறது. 1270 வாக்கில் கட்டியது. இன்றும் வழிபாடு நடக்கிறது. கோலெம் அதன் பரணில்தான் கிடக்கிறது என்று கேட்டுவிட்டு, படம் எடுக்கலாம் என்று செல்போனை உயர்த்தியவர்கள் அப்படியே இறக்கிவிடுவார்கள்.

அடுத்து யூத நகர மண்டபம். அதில் எபிரேய எழுத்துகள் போட்ட கடிகாரம் ஒன்று உண்டு. முள் வலமிருந்து இடமாகச் சுற்றும். "பின்னோக்கி ஓடும் கடிகாரம்" என்று வழிகாட்டி சொல்லி வாய் மூடவில்லை, திருத்தம் வந்துவிட்டது. "பின்னோக்கி என்று எப்படிச் சொல்லலாம்? எபிரேயத்தை வலமிருந்துதானே வாசிக்கிறோம்? அது முன்னோக்கித்தான் ஓடுகிறது." அதை ஆதாரத்தோடு விளக்கி முடிப்பதற்குள் பஸ் புறப்படும் நேரம் தாண்டிவிடும். டிரைவரின் கடிகாரம் எந்தப் பக்கம் ஓடினாலும் அவருக்குத் தாமதம் தாமதம்தான்.

பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் இன்னும் விசேஷம். நிலம் போதாமல் மண்ணைக் கொட்டிக் கொட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு அடுக்கு வரை புதைத்திருக்கிறார்கள். மேலே தெரியும் கற்கள் சுமார் 12,000. மிகப் பழையது 1439-ஆம் ஆண்டினுடையது. கற்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். "எவ்வளவு நெருக்கம்!" என்று ஒருத்தர் வியந்தால், "நெருக்கமா? கேளுங்கள்" என்று திருத்தக்காரர் அருகே போவார். கேட்பவர் இன்னொரு கல்லுக்குப் பின்னால் மறைவார். மகராலின் சமாதியில் ஆளாளுக்குக் கூழாங்கல் வைத்து, வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் செருகுவார்கள். வழிகாட்டிப் பெண் ஒரு சீட்டை எழுதிச் செருகினால் அதில் என்ன வேண்டுதல் இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இப்படி எரிச்சல் ஏறிக்கொண்டே போகும்போதுதான் பிங்காஸ் ஜெப ஆலயம் வரும். அதன் சுவர்களில் படம் கிடையாது, பெயர்கள் மட்டுமே. நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமியா, மொராவியா யூதர்கள் கிட்டத்தட்ட 78,000 பேரின் பெயர்கள். 1950களில் எழுதினார்கள். 1968-இல் கட்டடம் மூடப்பட்டது. ஈரம் ஏறிப் பெயர்கள் அழிந்தன. கம்யூனிஸ ஆட்சி போனபின் 1990களில் மறுபடி ஒவ்வொன்றாக எழுதினார்கள்.

இங்கே குழுவில் ஓர் அம்மாள் சுவரைப் பார்த்துத் திகைத்து நிற்பார். அகர வரிசையில் தேடினால் பெயர் கிடைக்காது. திருத்தக்காரர் மைக்கைவிட்டு விலகி அவர் பக்கத்தில் போய், "முதலில் ஊரைத் தேடுங்கள். அப்புறம் குடும்பப் பெயர். குடும்பப் பெயரெல்லாம் சிவப்பில் இருக்கும்" என்பார். ஊரும் கிடைக்கும், பெயரும் கிடைக்கும். பிறந்த தேதியில் ஓர் எண் மட்டும் வீட்டுக் காகிதத்தில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று அந்த அம்மாள் சொன்னால், நோட்டும் பென்சிலும் வெளியே வரும். இரண்டையும் குறித்துக்கொள்வார். ஊர் போய்ச் சேர்ந்ததும் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதுவார். பதில் வரும் வரை எழுதுவார்.

இதைப் பார்த்து மனம் இளகி, "நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது" என்று நினைப்பீர்கள். வியன்னா வந்ததும் அந்த நினைப்பு போய்விடும்.

வியன்னாவில் பெர்க்காசே 19-ஆம் எண் வீட்டில் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1891 முதல் 1938 வரை இருந்தார். பிரயாணிகள் ஆசையோடு படியேறுவது, நோயாளிகளைப் படுக்கவைத்து மனத்தை ஆராய்ந்த அந்தப் புகழ்பெற்ற சோபாவைப் பார்க்க. முதல் படியிலேயே திருத்தக்காரர் வழிமறித்து, "சோபா லண்டனில் இருக்கிறது. நாட்டைவிட்டுப் போகும்போது கொண்டுபோய்விட்டார்" என்பார். டிக்கெட்டை வாங்கும் முன் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லமாட்டார். திருத்துவதற்கு முதலில் ஒரு தப்பு நடந்தாக வேண்டுமே!

வியன்னாவின் ஸ்டாட்டெம்பல் ஜெப ஆலயம் 1826-இல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் குடியிருப்பு. கத்தோலிக்கர் அல்லாதார் வழிபாட்டிடம் தெருவைப் பார்த்து நிற்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். அதனால் வீடுகளுக்கு நடுவே ஒளித்துக் கட்டினார்கள். 1938 நவம்பரில் ஊரிலிருந்த மற்ற ஜெப ஆலயங்களைக் கொளுத்திய நாஜிகள் இதைக் கொளுத்தவில்லை. தீ அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பரவுமே என்ற பயம். அவமானப்படுத்தப் போட்ட சட்டமே கட்டடத்தைக் காப்பாற்றியது. இதை வழிகாட்டி சரியாகவே சொல்வார். திருத்த ஒன்றுமில்லாத அந்த ஐந்து நிமிஷமும் நம்மவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. நல்லவேளை, வாசல் காவலர் பாஸ்போர்ட்டைக் கேட்டு, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வியும் கேட்டுவைப்பார். தெரியாமல் கேட்டுவிட்டார், பாவம். பதில் கொள்ளுத்தாத்தாவில் ஆரம்பிக்கும்.

வியன்னாவிலிருந்து பிராடிஸ்லாவா ஒரு மணி நேரப் பயணம். இந்த வழியில்தான் ரப்பர் பேண்டை அவிழ்ப்பார். பாட்டியின் காகிதங்கள். கப்பல் பதிவேட்டில் பாட்டி பிறந்த நாடு ஆஸ்திரியா. கல்யாணச் சான்றிதழில் ஹங்கேரி. இறப்புச் சான்றிதழில் செக்கோஸ்லோவாக்கியா. இன்றைக்குப் போய் இறங்கினால் ஸ்லோவாக்கியா. பாட்டி ஊரைவிட்டு நகர்ந்தது ஒரே ஒரு தடவை, கப்பல் ஏற. மற்றபடி நகர்ந்ததெல்லாம் நாடுகள்தான். பிராடிஸ்லாவாவே 1919 வரை பிரெஸ்பர்க், ஹங்கேரியர்களுக்கு போஜோனி. இந்தப் பக்கத்து வரைபடத்தை 1918-இல் ஒருவர் திருத்தினார், 1938-இல் ஒருவர் திருத்தினார், 1945-இல் ஒருவர், 1993-இல் இன்னொருவர். பெரிய பெரிய ஆட்கள், பெரிய பெரிய திருத்தங்கள். பென்சிலால் சின்னதாகத் திருத்துகிற ஒரு பல் டாக்டரை மட்டும் நாம் கோபித்துக்கொள்கிறோம்.

பிராடிஸ்லாவாவில் ரபி ஹதாம் சோஃபரின் சமாதி இருக்கிறது. 1806 முதல் 1839 வரை இந்த ஊர் ரபி. சமயத்தில் புதுமை எதுவும் நுழையக் கூடாது என்று கடைசிவரை நின்றவர். 1943-இல் சுரங்கச் சாலை போடுவதற்காகக் கல்லறைத் தோட்டத்தை அழித்தபோது அவருடையதையும் சுற்றியிருந்த சிலவற்றையும் மட்டும் விட்டுவைத்தார்கள். பிற்பாடு தலைக்கு மேல் டிராம் ஓடியது. 2002-இல் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக நவீன நினைவிடம் எழும்பியது. புதுமையை எதிர்த்தவருக்கு ஊரிலேயே புதுமையான கட்டடம்! இதைச் சொன்னது வழிகாட்டி. திருத்தக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு நோட்டில் குறித்துக்கொள்வார். அடுத்த வருஷம் வேறு ஒரு பஸ்ஸில் அது அவர் சொந்தச் சரக்காக வெளியே வரும்.

அவர் ஏன் இப்படி என்று கேட்டால், யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூத்தின் ஓர் ஏட்டைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நடுவே மூலம், ஒரு பத்தி. ஒருபுறம் பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியின் உரை. மறுபுறம் ராஷியின் பேரன்மாரும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுதிய தொசஃபோத். தாத்தா சொன்னதைப் பேரன் மறுக்கிறார். மறுத்தது தாத்தாவுக்கு எதிரிலேயே, அதே பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. யாரும் யாரையும் அழிக்கவில்லை. இப்படி ஓரத்தில் எழுதி எழுதியே வளர்ந்த பரம்பரை, பஸ் ஜன்னலோரத்தில் வாயை மூடிக்கொண்டு வருமா? கல்லிலும் சுவரிலும் பாரம்பரியத்தைத் தேடி முப்பது பேர் நாடு நாடாக அலைகிறார்கள். அது முன்வரிசையில் உட்கார்ந்து வழிகாட்டியை மறித்துக்கொண்டிருக்கிறது.

புடாபெஸ்டில் அவருக்குச் சரியான ஜோடி கிடைக்கும். டோஹானி தெரு ஜெப ஆலயத்தின் உள்ளூர் வழிகாட்டி எழுபது வயதுப் பெரியவர்.

"1859-இல் கட்டி முடித்தது. ஐரோப்பாவிலேயே பெரியது. சுமார் 3,000 பேர் உட்காரலாம்."

"ஒரு சின்னத் திருத்தம், ஐயா. 2,964. ஆண்களுக்கு 1,492, பெண்களுக்கு 1,472. ஸ்பெயினிலிருந்து யூதரைத் துரத்தியதும் 1492-இல்தான், கவனியுங்கள்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். "டாக்டர், அந்த வருஷத்தைப் பார்த்தா நாற்காலி போட்டான் தச்சன்? சரி, 2,964 என்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்து பார்த்தீர்களா, எழுந்து எண்ணினீர்களா?"

முப்பது பேரும் காதுக் கருவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள். இந்தப் பயணத்தில் முதல் தடவையாக. ஜெப ஆலயத்தில் ஆர்கன் வைக்கலாமா என்று தொடங்கும்; கட்டியவர் வியன்னாவின் ஃபோர்ஸ்டர், யூதரே அல்ல என்று போகும்; சியோனிஸ இயக்கத்தைத் தொடங்கிய தியடோர் ஹெர்ஸல் பிறந்த வீடு இந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் என்று திரும்பும். முற்றத்தில், யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவில் மாண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைப் புதைத்த இடத்தில் மட்டும் இருவரும் பேசாமல் நடப்பார்கள். நினைவுச் சின்னமான உலோக வில்லோ மரத்தை எட்டியதும், அதற்கு ஹாலிவுட் நடிகர் டோனி கர்ட்டிஸ் பணம் கொடுத்தது அப்பாவுக்காகவா, அம்மாவுக்காகவா என்று மறுபடி பிடித்துக்கொள்வார்கள்.

மற்றவர்கள் பசி பொறுக்காமல் ஃப்ளோத்னி சாப்பிடப் போய்விடுவார்கள். கசகசா, வால்நட், ஆப்பிள், பிளம் ஜாம் என்று அடுக்கடுக்காக வைத்துச் சுட்ட கேக். அவர்கள் இரண்டு துண்டு முடித்துத் திரும்பும்போதும் வழக்கு முடிந்திருக்காது. கையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். மனைவி மட்டும் நிழலில் உட்கார்ந்து கொலையாளியைக் கண்டுபிடித்திருப்பார்.

கடைசி நாள் கருத்துப் படிவம் தருவார்கள். 'பிற கருத்துகள்' என்று அரை அங்குல இடம். திருத்தக்காரர் நான்கு பக்கம் இணைப்பார். பிழைகள் ஊர்வாரியாக, வரிசை எண்ணோடு. ஆனால் வழிகாட்டிகளுக்கு மதிப்பெண் போடும் கட்டத்தில் எல்லாருக்கும் முழு மதிப்பெண். அடுத்த பயணம் எங்கே என்ற கேள்விக்கு, வில்னியஸ். இன்று புழங்கும் தல்மூத் பதிப்பு அச்சான ஊரைப் பார்க்காமல் இருக்கலாமா?

அதே கேள்விக்கு மனைவி தன் படிவத்தில் எழுதியிருப்பார்: 'ஸ்பெயின். கடற்கரை மட்டும்.'

படிவங்களைச் சேர்த்துக் கொடுக்கும் சாக்கில் அவர் அதை வாங்கிப் பார்ப்பார். பென்சில் வெளியே வரும். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவார்: 'தொலேதோவில் பழைய ஜெப ஆலயங்கள் இரண்டு, கோர்தோபாவில் ஒன்று. மூன்று ஊரிலும் கடல் கிடையாது.'

மனைவி படிவத்தைத் திரும்பப் பிடுங்கி, அதன் கீழே பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவார்: 'இரண்டே ஊர்தான் சொல்லியிருக்கிறார்.'