ஷேர்பாயின்ட் மகாத்மியம்

உலகத்தில் ஒருவரும் ஆசைப்பட்டு ஷேர்பாயின்ட் அட்மின் ஆனதில்லை. "உனக்குத்தான் விண்டோஸ் தெரியுமே, இதையும் கொஞ்சம் பாத்துக்கோ" என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அப்படிக் கட்டப்பட்டவர்களில் ஒருவன் என்ற உரிமையில், கம்பெனிக் கோப்புகளையும் பட்டியல்களையும் எல்லாரும் பகிர்ந்துகொள்ள மைக்ரோசாஃப்ட் செய்த அந்த மென்பொருளின் பூர்வோத்திரத்தைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் மேடையில் சொல்லும் வரலாறு வேறு. அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

கதை லோட்டஸ் நோட்ஸில் தொடங்குகிறது. ரே ஆஸி என்ற மகானுபாவர், படிக்கும் காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் பார்த்த ஒன்றை மனதில் வைத்து, மெயில், விவாதம், படிவம், கோப்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினார். 1989-ல் பரிமாறினார்கள். பெரிய கம்பெனிகள் விழுந்து விழுந்து வாங்கின. 1995-ல் ஐபிஎம் லோட்டஸ் கம்பெனியையே 350 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டு போனது. மைக்ரோசாஃப்டுக்கு வயிறு எரிந்தது. போட்டிக்கு ஒன்றைச் செய்வார்கள் என்றுதானே நினைப்போம்? இரண்டைச் செய்து, இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தார்கள்.

2001-ல் வந்தது போர்ட்டல் சர்வர். உள்வட்டாரப் பெயர் டாஹோ. கோப்புகளை எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் சர்வரின் கிடங்கில் போட்டு வைத்தது. அதே வருடம் வலைப்பக்கம் செய்யும் மென்பொருளான ஃபிரண்ட்பேஜ் 2002-க்கு இலவச இணைப்பாக டீம் சர்வீசஸ் வந்தது. இரண்டும் ஷேர்பாயின்ட்தான், ஒன்றுக்கு மற்றதன் பாஷை தெரியாது. 2003-ல்தான் இரண்டையும் எஸ்க்யூஎல் சர்வரின் மேல் உட்காரவைத்து ராசியாக்கினார்கள்.

டீம் சர்வீசஸின் தாய்வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஷேர்பாயின்ட் முகவரிகளில் 'வி.டி.ஐ.' என்று மூன்று எழுத்து அங்கங்கே எட்டிப்பார்க்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதை ஏதோ பெரிய தொழில்நுட்பம் என்று பயந்து தொடுவதில்லை. அது வெர்மீர் டெக்னாலஜிஸ் இன்கார்ப்பரேட்டட். டச்சு ஓவியர் பெயரில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு சின்னக் கம்பெனி. ஃபிரண்ட்பேஜை எழுதியவர்கள் அவர்கள்தான். 1996-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனியை வாங்கியது. நிறுவனர்களில் ஒருவரான சார்லஸ் ஃபெர்குசன் காசை எண்ணி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார், ஆவணப்படம் எடுத்தார், 2008 நிதி நெருக்கடியைப் பற்றிய 'இன்சைட் ஜாப்' படத்துக்கு ஆஸ்கரும் வாங்கினார். இந்தத் துறையில் கால் வைத்தவர்களில் ஆஸ்கர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். சரியான நேரத்தில் வெளியேறியதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். அவர் போய்விட்டார், மூன்று எழுத்து போகவில்லை. ஷேர்பாயின்ட் எதையும் தூக்கிப் போடாது.

கோப்பை மட்டும் போட்டுவிடும். 2007 பதிப்பு வரும்வரை அதில் குப்பைத்தொட்டியே கிடையாது. 'நீக்கு' என்று அழுத்தினால் நீங்கியதுதான். ஒரு எக்ஸெல் கோப்புக்காக முழு பேக்கப்பையும் வேறொரு சர்வரில் விரித்து, அதற்குள் தேடி எடுத்துவந்து கொடுத்தால், "இது இல்லையே, இதுக்கு முந்தினது" என்பார்கள்.

2007 பொற்காலம். கம்பெனிதோறும் இன்ட்ராநெட் முளைத்தது. முதல் பக்கத்தில் எம்.டி.யின் புகைப்படம், பக்கத்தில் வானிலை. நிரல் எழுதுகிறவர்களுக்கோ அதுதான் சோதனைக் காலம். டாட் நெட்டில் நினைவகக் குப்பை தானே அள்ளப்படும் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். ஷேர்பாயின்ட்டின் 'எஸ்பி வெப்' என்ற பொருளை நாம் திறந்தால் நாமே மூட வேண்டும்; மூடாவிட்டால் சர்வர் நினைவகம் வீங்கி மதியத்துக்குள் மூச்சுத் திணறும். சரி என்று எல்லாவற்றையும் மூடினால், தளமே திறந்து கையில் கொடுத்ததையும் சேர்த்து மூடிவிடுவோம், பக்கம் படுத்துவிடும். சொந்தத் தட்டைக் கழுவாவிட்டால் திட்டு, விருந்து வீட்டில் கழுவினால் அடி. எதை மூடலாம், எதை மூடக்கூடாது என்று நம் நிரலைப் படித்துச் சொல்ல 2009-ல் மைக்ரோசாஃப்டே ஒரு கருவியை வெளியிட்டது. கோளாறைச் சரிசெய்வதைவிட அது சுலபம் போலிருக்கிறது.

2007-க்கு உள் எண் 12. அடுத்த 2010-க்கு 14. நடுவில் 13 ராசியில்லை என்று தாண்டிவிட்டார்கள். தாண்டியும் பலனில்லை, 2010-ல்தான் ஐயாயிரம் வந்தது.

ஒரு பட்டியலில் ஐயாயிரம் வரிகளுக்கு மேல் ஒரே மூச்சில் கேட்டால் ஷேர்பாயின்ட் மாட்டேன் என்றுவிடும். ஹெச்ஆர் மேடம் போன் செய்வார்.

"தம்பி, லிஸ்ட்டே வரலைப்பா."

"எத்தனை பேர் மேடம் அதுல?"

"நேத்து வரைக்கும் வந்துச்சு. இன்னிக்கு ஒரே ஒரு பையனைத்தான் சேர்த்தேன்."

அந்தப் பையன் 5001. அவன்மேல் தப்பில்லை. ஒரு தரவுத்தளத்தில் உள்ள அத்தனை பட்டியல்களின் அத்தனை வரிகளையும் ஷேர்பாயின்ட் ஒரே அட்டவணையில்தான் கொட்டி வைக்கிறது: ஹெச்ஆர் ஆட்கள், கேன்டீன் மெனு, வழக்கு விவரம், எல்லாம். ஒரே கேள்விக்கு ஐயாயிரம் பூட்டு தேவைப்பட்டால், எஸ்க்யூஎல் சர்வர் தனித்தனியாகப் பூட்டிக்கொண்டிருக்காமல் அட்டவணை முழுவதையும் ஒரேயடியாகப் பூட்டிவிடும். மேடம் பட்டியலைப் பார்த்து முடிக்கும்வரை கேன்டீனும் காத்திருக்க வேண்டியதுதான். அதைத் தடுக்கத்தான் இந்த வரம்பு. ராத்திரியில் மட்டும் அதைத் தளர்த்த அட்மினுக்கு ஒரு வசதி உண்டு. அதற்கு 'ஹேப்பி அவர்' என்று செல்லப்பெயர். அந்த நேரத்தில் ஹேப்பியாக யாரும் அலுவலகத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு நிரல் எழுதும் நாகரிகங்கள் மாறின. 2010-ல் "சாண்ட்பாக்ஸில் எழுதுங்கள்" என்றார்கள், எழுதினோம். 2013-ல் "அது வேண்டாம், ஆப் எழுதுங்கள்" என்றார்கள். எழுதி முடிப்பதற்குள் ஆப்பின் பெயர் ஆட்-இன் ஆகிவிட்டது. 2017-ல் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதச் சொன்னார்கள்.

நோட்ஸின் கதியைச் சொல்லாமல் விட்டேன். ரே ஆஸி அடுத்து குரூவ் என்று கூட்டு வேலைக்கான மென்பொருள் ஒன்றைச் செய்தார். 2005-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை வாங்கி, மறு வருடம் பில் கேட்ஸ் வகித்த தலைமை மென்பொருள் சிற்பி பதவியில் ஆஸியையே உட்காரவைத்தது. தான் பெற்ற நோட்ஸை ஒழிக்கக் கிளம்பிய கம்பெனிக்கு அவரே சிற்பி. அவர் விலகிய பிறகும், பல வருடங்களுக்கு, ஒன்டிரைவ் ஃபார் பிசினஸ் கோப்பை ஒத்திசைக்காமல் திணறும்போது டாஸ்க் மேனேஜரில் குற்றவாளியின் பெயர் 'குரூவ்' என்றே இருந்தது. நோட்ஸை ஐபிஎம் 2019-ல் வேறு சில மென்பொருள்களோடு மூட்டையாகக் கட்டி 180 கோடி டாலருக்கு ஹெச்சிஎல்லுக்கு விற்றது. திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார் தொடங்கிய கம்பெனி. பங்காளிச் சண்டையில் நமக்கும் ஒரு பங்கு வந்தாயிற்று.

ஷேர்பாயின்ட் அட்மின்களில் உலகப்புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு: எட்வர்ட் ஸ்னோடன். ஹவாயில் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவுக்காக அவர் பார்த்த வேலை இதுதான் என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் இருந்த பிரிவின் பெயர் தகவல் பகிர்வு அலுவலகம். பெயருக்குத் தக்கபடி நடந்துகொண்டார்.

2025 ஜூலையில் சொந்த சர்வரில் ஷேர்பாயின்ட் வைத்திருந்தவர்கள் வீட்டுக்குள் திருடன் புகுந்தான். அமெரிக்க அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் அமைப்பும் தப்பவில்லை. புகுந்த விதம் ரசிக்கத்தக்கது. 'வெளியேறு' பக்கத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னான்; கடவுச்சொல் கேட்காமல் ஷேர்பாயின்ட் உள்ளே விட்டது. உள்ளே போனவன் சர்வரின் ரகசியச் சாவியை நகலெடுத்துக்கொண்டான். அதனால் ஓட்டையை அடைத்த பிறகும் அவனால் வந்துபோக முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அவசரமாகப் பேட்ச் அனுப்பி, சாவிகளை மாற்றுங்கள், பிறகு ஐஐஎஸ் என்ற வெப் சர்வரை ஒருமுறை நிறுத்தி மறுபடி கிளப்புங்கள் என்றது. அந்தக் கடைசி வைத்தியத்தை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 முதல் எங்களுக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்.