குறுக்கீட்டு அழிவின்மை விதி: மூன்று விசில் முனைப்பு பற்றிய ஓர் ஆய்வு

குறிக்கோள் என்பது, அதை அடையாமலே ஒருவர் பல்லாண்டு நிம்மதியாக வாழ்ந்துவிடக்கூடிய ஒன்று. வீட்டு வரி, மின் கட்டணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஆகியவை இவ்வரையறைக்குள் வாரா. அவற்றுக்குக் கடைசித் தேதி உண்டு, தவறினால் அபராதமும் உண்டு. சுயசரிதை எழுதுவதற்கோ கணினி மொழி கற்பதற்கோ அபராதம் கிடையாது. ஆகவே அவை நடப்பதில்லை.

நடக்க வைப்பதற்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் வழி ஒன்றுதான். நேரத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கு; ஒரு துண்டுக்குள் ஒரே வேலையைப் பார்; பிறகு எழுந்திரு. இவ்வழி பலிக்கிறது என்பதில் இவ்வாய்வாளருக்கு ஐயமில்லை. யாருக்குப் பலிக்கிறது என்பதில்தான் ஐயம். இத்துறையின் முன்னோடிகள் அனைவரும் ஒரு முக்கியமான கருவியைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அது காலிங் பெல்.

தக்காளியும் நாழிகையும்

1980களின் இறுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், புத்தகத்தைத் திறந்தால் மனம் ஒட்டாமல் அல்லாடிக்கொண்டிருந்தார். சமையலறையில் பயன்படும் தக்காளி வடிவ டைமர் ஒன்றைத் திருகி மேசைமேல் வைத்து, அது மணியடிக்கும்வரை படிப்பைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று தம்மோடு தாமே பந்தயம் கட்டினார். இன்று கைப்பேசிகளில் செயலிகளாகப் பல்கிப் பெருகியிருக்கும் பொமோடோரோ முறை அப்படிப் பிறந்தது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று ஆனதும் ஓய்வு கொஞ்சம் நீளும்.

வெளிநாட்டார் எதைக் கண்டுபிடித்தாலும் அது நம்மிடம் முன்பே இருந்தது என்று நிறுவுவது தமிழாய்வின் தலையாய கடமை. இக்கட்டுரையும் அக்கடமையிலிருந்து வழுவாது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே தக்காளி என்பது நாழிகையோடு ஒரு நிமிடம். உபரியான அந்த ஒரு நிமிடம் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கு என்பது இவ்வாய்வாளரின் துணிபு. தக்காளிச் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். நீர் ஒழுகுவதைக் கொண்டு நாழிகையை அளந்த கன்னலோ முல்லைப்பாட்டிலேயே இருக்கிறது. முன்னுரிமை யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் முல்லைப்பாட்டில் கவனிக்க வேண்டியது கன்னலை அல்ல. பாசறையில் இருக்கும் அரசனுக்கு ‘இத்தனை நாழிகை ஆயிற்று’ என்று வந்து சொல்வதற்கு ஆள் இருந்தார்கள். குறிக்கோள் அரசனுடையது, நீரைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்த கண் வேறொருவருடையது. வாசகர் இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஐந்தரை மணிக் காபி

இத்துறையின் தலைமகன் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலோப். 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்தவர். 1852இல் சானல் தீவுகளில் தெருவோரத் தபால் பெட்டிகள் முதன்முதலாக நிறுவப்பட்டதற்கு இவருடைய பரிந்துரையே காரணம். இவ்வளவுக்கும் நடுவில் எழுதத் தொடங்கி, வாழ்நாளில் 47 நாவல்களை முடித்தார்.

காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். எட்டரைக்கு எழுந்துவிடுவார். கடிகாரம் கண்ணெதிரே இருக்கும். கால் மணிக்கு 250 சொல் என்பது அவர் தமக்கே விதித்துக்கொண்ட கூலிக் கணக்கு. ‘டாக்டர் தோர்ன்’ நாவலை ஒருநாள் முடித்தார், மறுநாளே ‘தி பெர்ட்ராம்ஸ்’ தொடங்கினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல், இவையெல்லாம் அடங்கிய சுயசரிதை வெளிவந்தபோது இலக்கிய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அகத்தூண்டலுக்குக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்து எழுதியவன் கலைஞனா என்று கேட்டார்கள். கேட்டவர்களில் எத்தனை பேர் 47 நாவல் எழுதினார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்தக் கணக்கையெல்லாம் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதே சுயசரிதையில் உள்ள இன்னொரு கணக்கைக் கடந்துபோய்விடுகிறார்கள். விடியலில் டிராலோப்பை எழுப்பிக் காபி கொடுப்பதற்கு ஒரு முதிய குதிரைக்காரர் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம். தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த முதியவருக்கே கடன்பட்டிருப்பதாக டிராலோப் நேர்மையாகவே எழுதியிருக்கிறார். ஐந்தரைக்கு ஒருவர் பேனாவோடு உட்கார வேண்டுமானால், அதற்கு முன்பே இன்னொருவர் எழுந்து அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். அந்த இன்னொருவரின் குறிக்கோள் என்ன என்று எந்த நூலும் கேட்டதில்லை.

களம்

ஆய்வுக்களம் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு அடுக்ககத்தின் இரண்டாம் தளம். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மூவர்: பெரியப்பா, அண்ணன், அண்ணி. நால்வராகியிருக்க வேண்டியது, நான்காமவர் ஆய்வாளர் என்பதால் விலக்கப்பட்டார்.

பெரியப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். டிராலோப் தம் துறைக்காரர் என்று தெரிந்த நாளிலிருந்து சுயசரிதை எழுதுகிறார். முதலில் முழு நாளையும் அதற்கே ஒதுக்கினார். வேலை என்பது அதற்குக் கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்படி உப்பிக்கொள்ளும் என்று 1955இல் ‘எகனாமிஸ்ட்’ இதழில் எழுதிய பார்க்கின்சன், எடுத்துக்காட்டாக ஒரு மூதாட்டியைக் காட்டினார். உடன்பிறந்தவரின் மகளுக்கு ஒரு அஞ்சலட்டை எழுத அந்த அம்மையாருக்கு ஒரு நாள் ஆகிவிடும். பெரியப்பாவுக்குப் பேனாவில் மை நிரப்பவே முற்பகல் ஆனது. பின்னர் டிராலோப் வழிக்கு மாறினார். காலை ஐந்தரைக்கு டிகிரி காபி, கால் மணிக்கு ஒரு பக்கம். நூல் நன்றாக வளர்ந்து வருகிறது. ஆனால் அதில் அவர் இன்னும் பிறக்கவில்லை. தாத்தாவின் வரப்புத் தகராறு முடிந்தபாடில்லை.

அண்ணன் பைத்தான் கற்கிறார். வெளிச்சத்தம் உள்ளே புகாத ஹெட்போன், தக்காளி வடிவ டைமர் ஆகியவற்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். சிரில்லோவின் முறையில் ஒரு கடுமையான விதி உண்டு: தக்காளியைப் பிரிக்க முடியாது. பாதித் தக்காளி, கால் தக்காளி என்று எதுவும் இல்லை. நடுவில் எழுந்தால் அந்தத் தக்காளியே செல்லாது. ரசம் வைக்கிற வீட்டில் இப்படியொரு விதியை அறிவிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அண்ணனுக்கு அது இருந்தது. பெல் அடித்தால் “தக்காளி ஓடுது!” என்று ஒரு குரல் வரும். ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கு பெல் எப்படிக் கேட்டது என்ற வினாவை ஆய்வாளர் எழுப்பியபோது தரவு வழங்கப்படவில்லை.

அண்ணி அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்தார். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள். அவருக்கென்று மேசை கிடையாது, டைமர் கிடையாது, தக்காளி குளிர்சாதனப் பெட்டியில் மட்டுமே இருந்தது.

விதி

இனி விதியைக் கூறலாம். அண்ணியின் பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கிடையே உட்கார்ந்து எழுதியதால் அதன் நடை சற்றே இயற்பியல் சாயலில் இருக்கும். ஒரு வீட்டில் குறுக்கீட்டை அழிக்க முடியாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றத்தான் முடியும்.

பால்காரர், கூரியர், தண்ணீர் லாரிக்குப் பணம் வாங்க வரும் காவலாளி, ‘உங்கள் பால்கனியிலிருந்து எங்கள் துணியில் சொட்டுகிறது’ என்று வரும் கீழ்வீட்டு அம்மா. இவர்கள் யாரும் அண்ணனின் டைமரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை. அண்ணன் தட்டிவிட்ட ஒவ்வொரு குறுக்கீடும் வீட்டுக்குள் யாரோ ஒருவர் தலையில் இறங்கியாக வேண்டும். முழுசாக முடிந்த ஒவ்வொரு தக்காளிக்கும் பின்னால் வேறெங்கோ அரைகுறையாக நின்றுபோன ஒரு வேலை இருக்கும். அரசனுக்கு நாழிகை சொன்னவரும் டிராலோப்பின் குதிரைக்காரரும் இந்த விதியின் பயனாளிகள் அல்லர், அதன் மறுமுனை. சுயமுன்னேற்ற நூல்கள் எல்லாம் பயனாளிகளின் முனையில் உட்கார்ந்திருப்பவர்களால் எழுதப்பட்டவை. மறுமுனையில் இருந்து எழுதப்படவில்லை, நேரம் இருந்திருக்காது.

மறுமுனையின் தொழில்நுட்பம்

குறுக்கீட்டைத் தள்ளிவிட ஆள் இல்லாதவர் என்ன செய்வது? குறுக்கிட்டாலும் உடையாத அளவுக்கு வேலையை நறுக்கிக்கொள்வதுதான் வழி. அண்ணி எடுத்துக்கொண்ட காலக் கருவி பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பன் 1679இல் வகுத்த கொதிகலனின் வழித்தோன்றல், அதாவது பிரஷர் குக்கர். முதல் விசில் வரத் தாமதமாகும். உள்ளே அழுத்தம் ஏற வேண்டும். அடுத்தடுத்தவை விரைந்து வரும். இந்த ஏற்றத்தாழ்வை அண்ணி வீணாக்கவில்லை. முதல் விசில்வரை புதிய பக்கம். முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததை வாய்விட்டுச் சொல்வது. மூன்றாவதற்குள் நாலைந்து வினாக்களைக் குறித்துக்கொண்டு அடுப்பை நிறுத்துவது. சாதத்துக்கு இந்த அளவு. துவரம்பருப்பு என்றால் வரலாறு. கொண்டைக்கடலைக்கு விசில் அதிகம் என்பதால் கணக்கு.

வினாக்களைக் குறிக்க நோட்டு இல்லை. கிழித்த தினசரி காலண்டர் தாளின் வெற்றுப் பக்கம். ஒரு தாளில் எவ்வளவு பிடிக்குமோ அதுவே ஒரு அமர்வு. பெல் அடித்தால் தாள் காய்கறிக் கூடையில் செருகப்படும். திரும்பி வந்ததும் எடுக்கப்படும். செல்லாததாகிவிடும் தக்காளியைப் போலன்றி, தாள் எத்தனை முறை நின்றாலும் செல்லும். இந்த வேறுபாட்டின் ஆழத்தை இத்துறை இன்னும் உணரவில்லை.

இதே தாள்கள் மறுநாளும் அடுத்த நாளும் கையில் வந்ததில் ஒரு பயன் இருந்தது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் 68 முறை சொல்லிக் கிடைத்த பயன், மூன்று நாளில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. எபிங்ஹவுஸ் இதைத் திட்டமிட்டுச் செய்தார். அண்ணிக்கு ஒரே மூச்சில் எதையும் 68 முறை சொல்ல வீடு விட்டதில்லை.

பாதியில் விட்ட வேலை மனத்தை விடாது என்பது புளூமா ஜெய்கார்னிக் 1927இல் வெளியிட்ட முடிவு. பின்னால் சோதித்தவர்கள் எல்லோருக்கும் அது அப்படியே கிடைக்கவில்லை. எங்கள் களத்தில் கிடைத்தது. வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு என்ன என்ற தாளில் இருந்தபோது சிலிண்டர் வந்தது. அண்ணி வாசலுக்குப் போனார். “ஓடிபி சொல்லுங்கம்மா” என்றார் சிலிண்டர்காரர். “1806” என்றார் அண்ணி. பொருந்தவில்லை. மீண்டும் கேட்டபோது “ஜூலை 10” என்று கூடுதல் விவரமும் தந்தார்.

தேர்வு

ஆய்வாளருக்கு ஒரு கவலை இருந்தது. குரூப் 4 தேர்வு 200 வினா, மூன்று மணி நேரம். அதாவது ஏழரை நாழிகை, சரியாக ஒரு யாமம். விசில் கணக்கில் பழகியவர் ஒரு யாமம் இடைவிடாமல் உட்கார முடியுமா? தேர்வு முடிந்து வந்தவரிடம் இதைக் கேட்டோம். “அதுல என்ன தம்பி கஷ்டம்? யாருமே கூப்பிடல. கையெழுத்து வாங்க மட்டும் ஒருத்தர் வந்தார்” என்றார். விதி தேர்வறைக்குள்ளும் செல்லும் என்பதற்கு இது சான்று.

அன்று வீட்டில் திரண்ட தரவு இன்னும் வலுவானது. அண்ணி இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கூரியர் வந்தது. பெல் அடித்தது. பெரியப்பா தாத்தாவின் வரப்பில் இருந்தார். அண்ணனுக்குத் தக்காளி ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர், கள நிகழ்வில் தலையிடக் கூடாது என்ற ஆய்வு அறத்தைக் கடைப்பிடித்தார். பெல் மறுபடியும் அடித்தது. சற்று நேரத்தில், தேர்வறைக்கு வெளியே பையில் அணைத்து வைக்கப்பட்டிருந்த அண்ணியின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது: பொருளைத் தர முயன்றோம், வீட்டில் யாரும் இல்லை. பொருள், அண்ணன் வாங்கியிருந்த இரண்டாவது டைமர்.

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. விடைக்குறிப்போடு ஒப்பிட்டதில் அண்ணி தெம்பாகவே இருக்கிறார். வேலை கிடைத்து அவர் காலையில் புறப்பட்டுப் போய்விட்டால், இதுவரை அவரிடம் சேர்ந்துகொண்டிருந்த குறுக்கீடுகள் எங்கே போகும்? விதிப்படி அவை அழிய வழியில்லை. ஐந்தரைக் காபி, பெல், சிலிண்டர், கீழ்வீட்டுத் துணி ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்வது குறித்துப் பெரியப்பாவிடமும் அண்ணனிடமும் கருத்துக் கேட்கச் சென்றபோது இருவரும் அமர்வில் இருந்தார்கள்.