பாதி நாவல்காரர்

பாதி நாவல்காரர் நாவலைத் தொடங்காதவரும் அல்லர், முடித்தவரும் அல்லர். நூற்றுச் சொச்சம் பக்கம் வரை ஓடிய கதை ஓரிடத்தில் படுத்துவிட, அதன் பக்கத்திலேயே தாமும் உட்கார்ந்துகொண்டவர். தமிழ்நாடு முழுவதும் காணப்படும் இவ்வினம், காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாற்றங்கரையில் இருக்கும் ஓரிக்கையில் கூடுதல் தெம்போடு வாழ்கிறது. அதற்கு அவ்வூரின் தலபுராணமே காரணம். அது பின்னால் வரும்.

இவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவராகவோ இருப்பார். நாவலின் தலைப்பு, சமர்ப்பணம், முன்னுரை, நன்றியுரை எல்லாம் தயார். விருது விழாவுக்கான ஏற்புரை இரண்டு விதமாக உண்டு: கண் கலங்குவது ஒன்று, கலங்காதது ஒன்று. பாக்கி இருப்பது பதின்மூன்றாம் அத்தியாயம் முதல் முடிவு வரை மட்டுமே. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் கதாநாயகி பாலாற்றுப் பாலத்தின் மேல் வந்து நின்றாள். 2015இலும் 2021இலும் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. அவள் அசையவில்லை.

தெருவில் போகிறவர், "இன்னா சார், கதை முடிஞ்சுதா?" என்று கேட்டால், "ஓடிக்கிட்டிருக்கு" என்பார். "எங்க ஓடுது? கால் மேல கால் போட்டு ஒக்காந்திருக்கு" என்று உள்ளிருந்து வீட்டம்மாவின் குரல் வரும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வந்துவிடும் என்று இவர் ஆண்டுதோறும் அறிவிப்பார். எந்த ஜனவரி என்று சொல்வதில்லை.

கதை நிற்பதற்குக் காரணம் சோம்பல் என்று ஊர் நினைப்பது தவறு. தொடக்கம் பல ஆண்டு மனத்தில் ஊறியிருந்ததால் தானாக வந்தது. முடிவும் தெரியும். நடுப்பகுதியை மட்டும் அன்றன்றைக்கு உட்கார்ந்து உண்டாக்கியாக வேண்டும். போதாததற்கு, முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்குப் படித்துக் காட்டிப் பாராட்டையும் முன்பணமாக வாங்கியாகிவிட்டது. பசி அடங்கியவருக்கு அடுப்படியில் என்ன வேலை? எனவே பேனா எடுக்கும்போதெல்லாம் இவர் முதல் அத்தியாயத்தையே மறுபடி திருத்துவார். அது இப்போது எந்தப் பத்திரிகை ஆசிரியரும் கைவைக்க முடியாத அளவுக்கு மெருகேறி, கதையையே இழந்து நிற்கிறது.

முன்னுதாரணங்களில் இவரை மடக்குவது கடினம். மௌனி வாழ்நாளில் எழுதியவை சுமார் 24 கதைகள்தாம் என்பார். ஜெயகாந்தன் பிற்காலத்தில் கதை எழுதுவதை ஏறக்குறைய நிறுத்தியே விட்டாரே என்பார். நிறுத்துமுன் ஜெயகாந்தன் நூற்றுக்கு மேற்பட்ட சிறுகதைகளும் பல நாவல்களும் எழுதியிருந்தார் என்ற செய்தி இவ்வாதத்தில் இடம்பெறாது. 2015 ஜனவரியில் எழுத்தை விடுவதாக அறிவித்த பெருமாள்முருகனையும் சிலர் துணைக்கு அழைப்பதுண்டு, அது நியாயமில்லை. அவரை நிறுத்தியது எதிர்ப்பும் மிரட்டலும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ‘கோழையின் பாடல்கள்’ வெளிவந்தது. ஓரிக்கைக்காரரின் நாவலுக்கு எதிராக இதுவரை யாரும் கொடி பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும்.

இவரது தலையாய சான்று உள்ளூரிலேயே இருக்கிறது. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன், தன்னைப் பாடச் சொன்ன பல்லவ மன்னனுக்கு மறுத்துவிட்டார். நாட்டை விட்டுப் போ என்றான் மன்னன். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னபடி காஞ்சித் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் அன்றிரவு தங்கிய இடம் ஓரிக்கை என்பது வைணவ மரபு. "எழுத மாட்டேன்னு சொன்னவருக்காகப் பெருமாளே நம்ம ஊருக்கு வந்திருக்கார்" என்பார் பாதி நாவல்காரர். கணிகண்ணனிடம் ஓர் அரசன் பாட்டுக் கேட்டான். இவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் தங்கியதும் ஓர் இரவுதான். மன்னன் வந்து மன்னிப்புக் கேட்க, மறுநாள் எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார்கள்.

இனி, இவர் செய்துகொள்ளும் வைத்தியங்கள். புது நோட்டு, புதுப் பேனா, அதிகாலை எழுதல், இரவு விழித்தல் எல்லாம் ஒரு வாரம் தாங்கும். பேருந்தேறி உத்திரமேரூர் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டின் முன் நிற்பதும் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் குடவோலைத் தேர்தலில் நிற்கக்கூடாது என்கிறது. கணக்குக் காட்டாதவர் என்ற இடத்தில் இவர் கொஞ்சம் வேகமாக நகர்ந்துவிடுவார்.

காஞ்சிக் குமரகோட்டத்துக்குப் போய் வேண்டிக்கொள்வது இன்னொன்று. கந்தபுராணத்தின் முதல் அடியைக் கச்சியப்பருக்கு முருகனே எடுத்துக்கொடுத்ததாக வரலாறு. தமக்கும் பதின்மூன்றாம் அத்தியாயத்துக்கு ஓர் அடி கிடைத்தால் போதும் என்பது வேண்டுதல். வரலாற்றின் மறுபாதி இவருக்குப் பிடிப்பதில்லை: கச்சியப்பர் நாள்தோறும் நூறு பாட்டு எழுதி இரவு சன்னிதியில் வைப்பார், காலையில் எடுத்துப் பார்த்தால் திருத்தங்கள் இருக்கும். நூல் மொத்தம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். அடி எடுத்துக்கொடுத்த தெய்வம் சுவடியையும் விடாமல் கேட்டு வாங்கியிருக்கிறது.

அந்தக் கேட்டு வாங்கும் ஆள்தான் மருந்து. ந. பிச்சமூர்த்தி நெடுநாள் கவிதைப் பக்கம் போகாமல் இருந்தார், 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபின் மறுபடி நிறைய எழுதினார். 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 வரை ஓடியதற்குக் கல்கியின் ஆற்றல் காரணம் என்பதில் ஐயமில்லை. வாரந்தோறும் பத்திரிகைக்குப் பக்கம் தரவேண்டியிருந்ததும் காரணம்.

ஓரிக்கையில் அத்தகைய பத்திரிகை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். ஒரு ஞாயிறு மாலை அவர் வந்து, "சார், நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாளு. தெருவுல கால்வாய் அடைச்சுக்கிட்டு ஆறு மாசமாச்சு. நீங்கதான் எய்தித் தரணும்" என்பார். பாதி நாவல்காரர் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார். அடைபட்ட கால்வாய், அதைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், தேங்கிய நீர் குழித்தறிக்குள் கசிவதால் வேலை நின்ற வீடு எல்லாம் அம்மனுவில் வந்துவிடும். நடையழகு பார்க்க நேரமிருக்காது. அதனால் நடை நன்றாக இருக்கும். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை, பிறகு கோயில் மலருக்கு இரண்டு பக்கம். ஒருநாள் அந்த மனுவின் நகலைப் புரட்டும்போது, கதாநாயகி பாலத்திலிருந்து இறங்கிப் போகவேண்டிய தெரு இதுதான் என்று தெரியவரும்.

கிளம்பிய கதை மறுபடி படுக்காமலிருக்க ஒரு வழி நெசவாளர் வீட்டில் உண்டு. பாவு தீரும்போது தறியிலிருந்து முழுவதையும் அறுத்துவிட மாட்டார்கள். கொஞ்சம் மிச்சம் விட்டு, புதுப் பாவின் இழைகளை அதனோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அச்சில் மறுபடி முதலிலிருந்து இழை கோக்க வேண்டியதில்லை. அன்றைய எழுத்தையும் முற்றுப்புள்ளியில் நிறுத்தாமல், அடுத்த வாக்கியம் பாதி தெரிந்திருக்கும்போதே எழுந்துவிட வேண்டும். தெரு முழுவதும் தறிச் சத்தம் கேட்டும் இந்த வித்தை இவர் காதில் விழப் பல ஆண்டு ஆகும்.

அபூர்வமாக நாவல் முடிந்துவிடுவதும் உண்டு. முடித்த அன்றே அவர் இவ்வினத்திலிருந்து நீங்கி, ‘என் நூலுக்கு ஏன் விருது தரவில்லை’ என்ற இனத்தில் சேர்ந்துவிடுவார். அதைத் தனித் தலைப்பில்தான் சொல்லவேண்டும்.