இறம்பொடைப் பல்லச்சம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

உலகப் பல் மருத்துவத்தில் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளியின் வாயளவுக்குப் புகழ்பெற்ற வாய்கள் குறைவு. 1970இல் நோர்வேப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் குழுவினரும், இறம்பொடைக்கு மலை தாண்டினால் வரும் பூண்டுலோயாப் பக்கத்தில், டன்சினன், ஹேரோ தோட்டங்களில் 480 ஆண்களை வாயைத் திறக்கச் சொன்னார்கள். பிரஷ் படாத, வைத்தியர் கை படாத வாய்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. ஒஸ்லோவின் படித்த வாய்களோடு ஒப்பிட. 1986இல் முடிவு வந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு ஈறுநோய் வேகமாக முற்றி, 45 வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 பேருக்கு நிதானமாக முற்றியது. 11 பேருக்கு, எதுவுமே செய்யாமலிருந்தும், ஈறுவீக்கத்துக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. (இந்த 11 பேரைப் பற்றி லயத்துப் பிள்ளைகளிடம் மூச்சு விடக்கூடாது.) 2010இல் மறுபடி தேடி வந்து 75 பேரைப் பார்த்தார்கள்.

அளந்தது ஈறு. பயம் வேறு துறை. அதற்கும் கருவி அப்போதே இருந்தது: அமெரிக்கரான நோர்மன் கோரா 1969இல் வெளியிட்ட, நான்கே கேள்விகள் கொண்ட பயமானி. நாளைக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டுமென்றால் எப்படி இருக்கும்? அங்கே காத்திருக்கும்போது? நாற்காலியில் சாய்ந்தபின் அவர் துளைக்கும் கருவியை எடுக்கும்போது? சுத்தம் செய்ய ஆயுதங்களை எடுத்து வைக்கும்போது? கேள்விக்கு 1 முதல் 5 வரை புள்ளி. மொத்தம் 20, பதினைந்தை எட்டினால் கடும் பயம்.

அட்டைக்கடியோடும் குளவிக்கூட்டுக்குப் பக்கத்திலும் கொழுந்து பறிக்கிறவர்களை இந்தக் கருவியால் அளப்பது கடினம். முதல் கேள்வியின் ‘நாளைக்கு’ என்பதே இடறும். பயம் ஒளிந்துகொள்ளும் இடமே அதுதான். ராத்திரி கராம்பைப் பல்லிடுக்கில் வைத்து, துவாயைத் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் முடிந்து, ரெண்டு பெனடோலும் போட்டுக்கொண்டு, “விடிஞ்சதும் நுவரெலியாவுக்குப் போயிருவோம்” என்பார்கள். விடிந்ததும் வலி தணிந்திருக்கும். “இப்ப பரவால்ல, சம்பளம் போட்டதும் பாப்போம்.” கராம்பிலுள்ள யூஜினோல் நிஜமாகவே மரத்துப்போகச் செய்யும் என்பதால், இந்த வைத்தியத்தை மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. வலி ஒரேயடியாக நின்றுபோனால்தான் சந்தேகப்பட வேண்டும். உள்ளே நரம்பு செத்திருக்கக்கூடும். சில நாள் சமாதானம். பிறகு வேர் நுனியில் சீழ் கட்டி, கன்னம் உப்பும்.

இவ்வாய்வின் மையக் கருதுகோள் இங்கேதான் பிறக்கிறது. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். விறைப்பூசி மருந்து அங்கே நரம்புக்குள் சரியாக ஊடுருவாது. ஆகவே, பயந்து பிந்திப் போகிறவருக்கு ஊசி போட்டும் வலிக்கிறது. அவர் திரும்பி வந்து லயம் முழுக்கச் சொல்கிறார். கேட்டவர்கள் இன்னும் பிந்திப் போகிறார்கள். அச்சம், தவிர்ப்பு, சீர்கேடு, வெட்கம், மறுபடி அச்சம் என்ற இந்தச் சுழலைச் சுவீடனின் உல்ஃப் பெர்க்ரென் 1984இலேயே விளக்கிவிட்டார். இறம்பொடை அனுபவத்தில் வெட்கத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடக்கூடாது: வெற்றிலைக் கறையோடு வெள்ளை விளக்கின் கீழே வாயைத் திறப்பதற்கு ஊசியைத் தாங்குவதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும்.

தெய்வ சகாயமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சின்மயா மிஷன் எழுப்பிய அனுமன் கோயில் இதே இறம்பொடை மலையில்தான். சூரியனைப் பழமென்று பாய்ந்து, இந்திரனின் வச்சிராயுதத்தால் தாடையில் அடிபட்டவர் அவர். பல் நோயாளிகளுக்கு இவரைவிடப் பொருத்தமான சாமி எங்கே கிடைக்கும்? பக்தர்கள் ஏனோ வேறு காரியங்களுக்கே வேண்டிக்கொள்கிறார்கள்.

மனிதர் கண்ட உபாயங்களில் இரண்டு நன்றாக வேலை செய்கின்றன. செய்யப்போவதைச் சொல்லி, கருவியைக் காட்டி, பிறகே செய்வது ஒன்று. சிறுபிள்ளைகளுக்கென வகுத்தது, ஐம்பது வயதுக்காரரிடமும் பலிக்கிறது. இடது கையைத் தூக்கினால் நிறுத்துவதாக வைத்தியரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வது மற்றது. கை தூக்கும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறதென்று தெரிந்தாலே பலர் தூக்குவதில்லை. மூன்றாவது உபாயமும் உண்டு, யாருக்கும் பிடிக்காதது: வலிக்காதபோது போவது. அன்றைக்குத் துளை அடைப்பதோடு வேலை முடியும். ஊசியும் சொன்னபடி கேட்கும். ஆனால் வலியில்லாத பல்லைத் தூக்கிக்கொண்டு வளைவு வளைவாக பஸ்ஸில் நுவரெலியா ஏறவோ கம்பளை இறங்கவோ ஒரு நாள் வேலையை விட வேண்டும். தோட்டக் கணக்கில் அது ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்.

கோராவின் பயமானியில் 1995இல் ஐந்தாவது கேள்வியாக ஊசியைச் சேர்த்துவிட்டார்கள். ஆறாவதாக ஒன்று இங்கிருந்து முன்மொழியப்படுகிறது: ‘பல் வைத்தியரிடம் போனதால் இன்றைக்கு அரைப்பேர்தான் என்று கணக்கப்பிள்ளை சொல்லும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?’ விடை 1 முதல் 5 வரை. ஐந்துக்கு மேலும் போடலாம்.