மாவுக்கட்டுக்காரரை நலம் விசாரிப்பது எப்படி?

வார்டுக்குள் நுழைந்ததும், "எப்படிண்ணே விழுந்தீங்க?" என்று ஆரம்பியுங்கள். காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் அலுத்திருப்பார். அலுக்கட்டும், நீங்கள் பஸ் ஏறி வந்தது அதைக் கேட்கத்தானே. கதை முடிந்ததும், "நல்லவேளை, தலையில படலை" என்று ஆறுதல் சொல்லுங்கள். தலையில் பட்டவரைப் பார்க்கப் போனால், கால் தப்பியதைச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது முறிவின் வகை. தோல் கிழியாமல் உள்ளேயே உடைந்தால் மூடிய முறிவு, எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வந்தால் திறந்த முறிவு, சில்லுசில்லாகப் போனால் நொறுங்கிய முறிவு, முறுக்கியதில் உடைந்தால் சுருள் முறிவு, குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சிபோல் ஒரு பக்கம் விண்டு மறுபக்கம் வளைந்து நின்றால் பசுங்கொம்பு முறிவு என்று டாக்டர்கள் அடுக்குவார்கள். வழுக்கி விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொண்டால், அதை 1814-இல் எழுதிவைத்த டப்ளின் மருத்துவர் காலிஸின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். நமக்கு இரண்டே வகை: "வெறும் கிராக்குதான்", "பிளேட் வைக்கணுமாம்". முன்னது என்றால் நாளைக்கே நடக்கச் சொல்லுங்கள். கிராக்கும் முறிவுதான் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பின்னது என்றால் நாட்டுக் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்குக் கார் பேசிவிடுங்கள்.

பரம்பரைக் கட்டுக்காரர்களை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. முதல் உலகப் போரில் தொடை முறிந்த சிப்பாய்கள் பலரைப் பிழைக்கவைத்த தாமஸ் சிம்பை உருவாக்கிய லிவர்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ், எலும்பு கட்டும் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் அவர் மருத்துவமும் படித்தவர். ரத்தம் ஒழுகும் திறந்த முறிவுக்குத் தியேட்டரில் கழுவிச் சுத்தம் செய்து, சீக்கிரமாக ஆன்டிபயாடிக்கும் தடுப்பூசியும் போட வேண்டும். அங்கே பச்சிலையைப் பரிந்துரைக்க உங்களைப் போன்ற துணிச்சல்காரர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு உண்மையான இடைஞ்சல் சிஸ்டர்தான். கட்டுப் போட்ட முதல் நாள் அடிக்கடி வந்து நிற்பார். கால்விரல் நகத்தை அழுத்திவிட்டு, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பார். பாதம் சில்லிட்டிருக்கிறதா, மரத்துப்போயிருக்கிறதா, மேற்புறம் நாடி துடிக்கிறதா என்று இந்தக் காலையும் அந்தக் காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். வேலையில்லாமல் செய்வதாகவே உங்களுக்குத் தோன்றும். "குளிருமே" என்று விரல்களைப் போர்வையால் மூடிவிடுங்கள். பேத்தி ஆசையாக நகப்பூச்சு போட்டுவிட்டிருந்தால் இன்னும் விசேஷம், நிறமே தெரியாது. விரலை மெல்ல நிமிர்த்தியதற்கே அவர் அலறினால், ஊசி போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும், ஆம்பளை பொறுத்துக்கணும்" என்று தைரியம் சொல்லுங்கள்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் கேலியை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன், வழிவிடுங்கள். அடிபட்ட தசை இறுக்கமான உறைக்குள் வீங்கும்போது ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் அப்படியே கிடந்தால் தசை செத்துவிடலாம். நாடி கடைசிவரை துடித்துக்கொண்டிருக்கக்கூடும், ஆகவே "நாடி நல்லாத்தானே இருக்கு" என்ற சமாதானம் செல்லாது. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிடுவார், மாவுக்கட்டைத் தோல்வரைக்கும் பிளப்பார்கள், அதிலும் அடங்காவிட்டால் தியேட்டரில் தசையுறையையே கீறிவிடுவார்கள். அதுவரை காலைத் தலையணை அடுக்கித் தூக்கிவைக்கக் கூடாது, நெஞ்சின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். முழங்கைக்கு மேல் உடைந்த குழந்தைகளுக்கு இதைக் கவனிக்காமல் விட்டால், விரல்கள் மடங்கியபடியே ஆயுளுக்கும் நின்றுவிடும்.

தொடை எலும்பு உடைந்தவர் இரண்டாம் மூன்றாம் நாளில் மூச்சு வாங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால், "பயந்துட்டார், மந்திரிக்கணும்" என்பீர்கள். எலும்பின் உள்ளிருந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்தாலும் இப்படித்தான் பேசுவார்கள். திருநீறு பூசுங்கள், தப்பில்லை. பூசிக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் உங்கள் பணி சுலபம். கட்டுக்குள் அரித்தால் விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துக் கொடுங்கள். உள்ளே புண் வைத்தாலும் வெளியே தெரியாது. போரடித்தால் திண்ணைக்குக் கூட்டிப்போய் ஒரு பீடி கொடுங்கள். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதெல்லாம் டாக்டர் கவலை. பிசியோதெரபிக்காரர் முட்டியை மடக்கச் சொன்னால், "பாவம், விடுங்க" என்று குறுக்கே புகுங்கள். மறு எக்ஸ்ரே வந்ததும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "கோடு இன்னும் தெரியுதே" என்று உதட்டைப் பிதுக்குங்கள். எலும்பு பிடித்த பிறகும் அந்தக் கோடு சில காலம் படத்தில் தெரியும் என்பதை டாக்டர் விளக்கிக்கொள்ளட்டும்.

முட்டி இறுகி அவர் நொண்டினால், "புத்தூர் போயிருக்கலாம், நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லும் உரிமை உங்களுடையது. நேராக நடந்துவிட்டாலும் கவலையில்லை. தூக்குவாளியில் நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்த ஆட்டுக்கால் சூப் இருக்கிறதே!