இல்லக் கோப்புறை பெயர் திரிந்தவழி மீட்குமாறு

தமிழ் இலக்கண உரைகளில் உதாரணத்துக்கு ஆள் வேண்டியபோதெல்லாம் வந்து நின்றவர்கள் சாத்தனும் கொற்றனும். சாத்தன் வந்தான், கொற்றன் உண்டான் என்று பல நூற்றாண்டுகள் ஊதியமின்றி உழைத்த இருவரையும் இந்த ஆய்வுக்கும் அழைத்துக்கொள்கிறோம். இங்கே சாத்தனுக்குப் பார்வை இல்லை. என்விடிஏ என்னும் திரைவாசிப்பானின் குரலைக் கேட்டு விண்டோஸ் கணினியை இயக்குகிறான். கொற்றன் அவன் மைத்துனன். பார்வை உண்டு, அதே கணினியில் நிர்வாகி உரிமையோடு தனிக் கணக்கும் உண்டு. தீங்கு இவ்விரண்டும் கூடியதால் விளைந்தது.

முதற்கண் நோயின் தோற்றுவாய். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து விண்டோஸை அமைப்பவனுக்கு, அவன் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளையே இல்லக் கோப்புறையின் பெயராக அது சூட்டிவிடும். ஐந்தெழுத்தின் பெருமை சைவர்க்குப் புதிதன்று. மைக்ரோசாஃப்ட் அதில் தீட்சை பெற்றது எவரிடம் என்பது தனி ஆய்வுக்குரியது. சாத்தனுடைய முகவரி எஸ், ஏ, டி, எச், ஏ, என் என்று தொடங்குவது. ஐந்தோடு வெட்டினால் எஞ்சுவதைக் குரல் 'சாதா' என்று வாசித்தது. தோசைக்கு முன்னொட்டாக வரவேண்டியது தன் வீட்டுக்குப் பெயராக நின்றதைச் சாத்தன் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியவன் கொற்றன்.

"அத்தான், உங்க ஃபோல்டர்ல பேரு பாதியில நிக்குது. என் கணக்குல நுழைஞ்சு முழுசா மாத்திட்டேன்."

"உன்னை யாரு மாப்ளே கேட்டா?"

இவ்வுரையாடலில் சாத்தன் கூற்றே மூலம். எஞ்சியவை அனைத்தும் அதன் உரை.

பெயரை மாற்றினால் என்ன கெடும் எனின், விண்டோஸ் ஒருவனைப் பெயரால் அறிவதில்லை என்க. எஸ்-1-5-21 என்று தொடங்கி, மூன்று நெடிய எண்களைக் கடந்து, 1001 போன்றதொரு வால் எண்ணில் முடியும் பாதுகாப்பு அடையாளமே அதற்குச் சாத்தன். ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்றொரு பகுதி உண்டு. அங்கே அந்த எண்ணுக்கென ஓர் அறை. அறைக்குள் புரொஃபைல்இமேஜ்பாத் என்றொரு மதிப்பு. இன்னவன் இல்லம் சி டிரைவில் யூசர்ஸுக்குள் சாதா என்ற இடத்தில் உள்ளது என்று அதில்தான் எழுதியிருக்கும். கோப்புறையின் பெயரை மாற்றியவன் இந்த வரியை மாற்றவில்லை. வாசலில் கதவிலக்கத்தைப் புதிதாக எழுதிவிட்டால் ரேஷன் அட்டை தானாகத் திருந்திவிடாது.

இனி, சாத்தன் மறுநாள் கடவுச்சொல் கொடுத்து நுழைகிறான். எழுதிவைத்த இடத்தில் இல்லத்தைக் காணாத விண்டோஸ், டெம்ப் என்ற பெயரில் ஒரு தற்காலிகக் கோப்புறையை எழுப்பி அவனை அதில் குடியேற்றுகிறது. கணக்கில் நுழைய முடியவில்லை, வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள் என்றொரு அறிவிப்பும் வரும். அதன் பின்பாதிதான் முக்கியம்: இங்கே உருவாக்கும் கோப்புகள் வெளியேறும்போது அழிந்துவிடும். பதற்றத்தில் அதை முழுதும் கேளாமல், போனது போகட்டும் என்று புதிதாகக் கடிதம் தட்டத் தொடங்குவோர் இருமுறை இழப்பர்.

ஆனால் சாத்தன் அந்த அறிவிப்புக்கு முன்பே ஐயுற்றான். இதுவே நம் ஆய்வின் மையம். அவன் ஐயத்துக்குக் காரணம் குரல். உள்நுழைவுத் திரையில் பேசும் என்விடிஏ, நிரலின் சொந்த இடத்தில் வைக்கப்பட்ட அமைப்புகளைக் கொண்டு பேசுவது. சாத்தன் முன்னமே தன் அமைப்புகளை அங்கே படியெடுத்து வைத்திருந்தான்; ஆகவே கடவுச்சொல் கேட்ட குரல் பழகிய குரல், பழகிய வேகம். உள்ளே போனபின் பேசுவது, இல்லக் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, ரோமிங் என்று இறங்கினால் கிடைக்கும் அமைப்புகளைத் தேடும். இல்லமே இல்லாதபோது அமைப்பு ஏது? எனவே வாசலில் விரைந்து பேசியது கூடத்தில் நிதானமாகப் பேசிற்று. வரவேற்புப் பெட்டியைத் திறந்து, என்விடிஏ விசை எதுவென்று விளக்கவும் தொடங்கிற்று. அயலார்க்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்தவனுக்கு அரிச்சுவடிப் பாடம். அவன் தமிழ்ப் பெயர்களுக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்த உச்சரிப்பு அகராதியும் அதே இடத்தில்தான் இருந்தது. அதுவும் காணோம்.

அளவை நூலார் அறிவுக்கு வாயில்கள் பல கூறுவர். சைவ சித்தாந்திகள் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்குவர். சாத்தனுக்குத் திரையளவில் காண்டல் இல்லை. உரையும் கருதலுமே உண்டு. உரையளவை செல்லுபடியாவதற்குச் சொல்பவர் நம்பத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்பதால் திரைவாசிப்பானின் குருமரபை ஆராய்தல் தகும். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராயிருந்து 1978-இல் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர், 1989-இல் டாஸ் கணினிக்கு ஜாஸ் என்னும் திரைவாசிப்பானைக் கொணர்ந்தார். விலை மிகுதி. 2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், தாமும் பார்வையற்றவர், காசில்லாமல் கிடைக்கும் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். இருவரும் தாமே கேட்டுப் பயன்கொண்டதையே பிறர்க்கு உரைத்தவர்கள், ஆகவே நம்பத்தக்கோர். கொற்றனோ கண்டதைக் கொண்டு பேசுபவன். "எல்லாம் இருக்கே அத்தான், டெஸ்க்டாப் பளபளன்னு இருக்கே" என்றான். இது காண்டற்போலி என்னும் குற்றத்தின் பாற்படும்.

டாக்குமென்ட்ஸைத் திறந்தால் ஒன்றுமில்லை என்கிறது குரல். இன்மையும் ஓர் அறிவே. ஆனால் எவ்வகை இன்மை? தருக்க நூலார் இன்மையை நான்காக்குவர்: முன்னின்மை, பின்னின்மை, முழுதுமின்மை, ஒன்றினொன்றின்மை. இன்னும் தோன்றாதது முன்னின்மை. வனையப்படாத குடம்போல, புதிய கணக்கின் கோப்புறை இப்படித்தான் வெறுமையாக இருக்கும். விண்டோஸ் சாத்தனைப் புதியவனாகக் கருதியது இக்கொள்கையால். இருந்து அழிந்தது பின்னின்மை. உடைந்த குடம். சாத்தன் நெஞ்சு இதற்கே அஞ்சியது. முழுதுமின்மை கொற்றனுடைய பொறுப்புணர்வுக்கு உதாரணமாதலின் இங்கு வேண்டா. ஒன்றினொன்றின்மையாவது, குடம் ஆடை அன்று, ஆடை குடம் அன்று என்பது. இந்த டாக்குமென்ட்ஸ் அந்த டாக்குமென்ட்ஸ் அன்று. சித்தாந்தம் இதுவே. ரன் பெட்டியைத் திறந்து, இரு விழுக்காட்டுக் குறிகளுக்கிடையே யூசர்புரொஃபைல் என்று தட்டி எண்டர் அழுத்தினால் திறக்கும் கோப்புறையின் பாதையைக் கேட்டாலே போதும். ஆல்ட்டும் டியும் அழுத்த, முகவரிப் பட்டையில் டெம்ப் என்ற சொல் ஒலிக்கும். சாத்தனின் நெஞ்சு அங்கே அமைதியுற்றது.

மீட்கும் நெறியில் மூன்று கட்சிகள் உள.

பதிவுதிருத்துவோர் கட்சி: கோப்புறை புதிய பெயரிலேயே நிற்கட்டும், ரெஜிஸ்ட்ரி வரியை அதற்கேற்ப மாற்றுக. கேட்பதற்கு நேர்த்தியானது. ஆயின் பழைய பாதையை முழுதாக எழுதிவைத்துக்கொண்ட நிரல்களும் குறுக்குவழிகளும் ரெஜிஸ்ட்ரியின் பிற மூலைகளில் எத்தனை என்று யாரும் எண்ணிச் சொல்லார். அவை ஒவ்வொன்றாகப் பின்னால் முனகும். இரண்டாங் கட்சியார் சந்திவாதிகள்: அவ்வாறு திருத்தியபின், பழைய பெயரில் எம்கேலிங்க் கட்டளையால் ஒரு சந்தி அமைத்தால், பழைய பாதையில் வருவோரும் புதிய இடம் சேர்வர். கெட்டிக்காரத்தனந்தான், ஆனால் கொற்றன் ஒருநாள் அந்தச் சந்தியை வீணான நகல் என்றெண்ணி நீக்குவான். மூன்றாங் கட்சி, பழைய பெயரையே திரும்ப இடுக என்பது. அதுவே நம் துணிபு. பெயரில் அழகு தேடியவனால் வந்த வினைக்கு அழகில்லாத பெயரே மருந்து.

செய்முறை: கணினியை மறுதொடக்கம் செய்து, சாத்தன் கணக்கில் நுழையாமல் கொற்றன் கணக்கில் நுழைக. யூசர்ஸ் கோப்புறையில் திரிந்த பெயரை அம்புக்குறியால் அடைந்து எஃப்2 அழுத்துக. இங்கே ஒலிமயக்கம் என்னும் இடர் உண்டு. எச் சேர்த்து எழுதினாலும் விட்டு எழுதினாலும் குரல் ஒரே சாதா என்றே வாசிக்கலாம். ஓரெழுத்துப் பிழைத்தாலும் விண்டோஸ் கதவு திறக்காது. எனவே என்விடிஏ விசையோடு டேப்பை இருமுறை அழுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்க. அதுவும் ஐயமெனில் எண்பலகையின் 2-ஐ இருமுறை தட்ட, சியரா, ஆல்ஃபா, டேங்கோ, ஹோட்டல், ஆல்ஃபா என்று விமானிகள் பேசுமாறு ஒவ்வோர் எழுத்தாக ஒலிக்கும். கண்ணால் பார்ப்பவன் இத்தனை முறை சரிபார்ப்பதில்லை. எல்லுக்கும் ஒன்றுக்கும் வேறுபாடு தெரியாமல் எண்டர் தட்டிப் போய்விடுவான்.

பின்னர், ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் நிரலாகிய ரெஜெடிட். அனுமதி கேட்கும் பாதுகாப்புத் திரையில், கணினியில் நிறுவப்பட்ட என்விடிஏ பேசும். பென்டிரைவில் கொண்டுவந்த பிரதி வாய்மூடி நிற்கும். உள்ளே கிளைகிளையாகத் தேடியலைய வேண்டுவதில்லை. 2017 முதல் ரெஜெடிட்டிலும் முகவரிப் பட்டை இருக்கிறது. பாதையை ஒட்டி எண்டர் அழுத்தினால் புரொஃபைல்லிஸ்ட் வந்துவிடும். தொடும் முன் அப்பகுதியை ஏற்றுமதி செய்து வைக்க. சாத்தனின் எண் சில சமயம் இரட்டையாக இருக்கும்: ஒன்று வெறுமனே, மற்றது இறுதியில் டாட் பேக் என்ற வாலோடு. குரல் அந்த எண்களை நூறு கோடிக் கணக்கில் வாசித்துக்கொண்டு போகும்போது தலை சுற்றும். கடைசியில் வால் ஒலிக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். வால் உள்ளதே மெய்ச் சாத்தன், வாலில்லாதது டெம்ப்புக்கு வழிகாட்டும் போலி. போலியின் பெயருக்குப் பின் ஏதேனும் சேர்த்து ஒதுக்கி, மெய்யின் வாலை அறுத்து, ஸ்டேட் என்னும் மதிப்பைச் சுழியாக்கி மறுதொடக்கம் செய்க. சாத்தன் உள்ளே போனான். குரல் பழைய வேகத்தில் பேசிற்று. கொற்றனுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

புறனடை. 2005 முதல் வாய்ஸ்ஓவர் என்னும் குரலைத் தன்னகத்தே கொண்ட மேக்கில், ரிட்டர்ன் விசை கோப்புறையைத் திறப்பதற்கு அன்று, பெயர் மாற்றுவதற்கு. விண்டோஸிலிருந்து குடிபெயர்ந்த கொற்றன்கள் அங்கே திறக்க எண்ணியே திரித்துவிடுவர். லினக்ஸில் இல்லத்தின் பாதை பாஸ்வேர்ட் கோப்பில், முக்காற்புள்ளிகளால் பிரித்த ஏழு புலங்களில் ஆறாவதாக, வெறும் எழுத்தாகவே இருக்கும். ஓர்கா என்னும் திரைவாசிப்பான் வழியே ஒரு வரியில் கேட்டறியலாம், ஒரு சொல்லில் திருத்தலாம். இவ்வளவு எளிதாக இருப்பதால், அங்கே கொற்றனுக்கு ரூட் கடவுச்சொல் தருவதில்லை என்பது மரபு.